மூணேகால் கிலோ ஆளுக்கு மூச்சு முட்டிய கதை

பிறந்த குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவில் நர்ஸாக இருப்பதில் ஒரு பெரிய வசதி, நோயாளி வாயைத் திறந்து புகார் சொல்லமாட்டான். அதற்குத் தண்டனையாக, அவனுக்குப் பதிலாகப் பேச வெளியே பெஞ்சில் ஒரு தெருவே உட்கார்ந்திருக்கும்.

நான் வேலை பார்ப்பது திருவொற்றியூர் பக்கம் ஒரு நடுத்தர ஆஸ்பத்திரியில். எங்கள் பிரிவில் வேலை இரண்டு வகை. கண்ணாடிப் பெட்டிகளுக்குள் கிடக்கிற குழந்தைகளைப் பார்த்துக்கொள்வது ஒன்று. கதவைத் திறந்து வெளியே வந்து சொந்தக்காரர்களுக்கு நிலவரம் சொல்வது இன்னொன்று. முதல் வேலைக்குப் படிப்பு வேண்டும், இரண்டாவதற்குத் தொண்டை வேண்டும். நான் ராயபுரத்துக்காரி. மற்ற ஊர்களில் சண்டை என்று நினைக்கிற சத்தத்தில்தான் எங்கள் வீட்டில் காபி வேண்டுமா என்று கேட்போம். ஆகவே, வெளியே போய்ப் பேசுகிற வேலை எப்போதும் என் தலையில்தான் விழும்.

பேங்க் கவுன்டரிலும் ரேஷன் கடையிலும் ரயில்வே விசாரணை ஜன்னலிலும் உட்கார்ந்து வயிறெரிந்துகொண்டிருக்கும் சகோதர சகோதரிகளே, உங்கள் கஷ்டம் எனக்குப் புரிகிறது. ஆனால் உங்களிடம் வருகிறவர்களுக்கு உங்கள் தொழில் தெரியாது, அது தெரியாது என்பதாவது அவர்களுக்குத் தெரியும். குழந்தை விஷயத்தில் அந்த அதிர்ஷ்டம் கிடையாது. பெற்றவர், பெறாதவர், பக்கத்து வீட்டில் பெற்றதைப் பார்த்தவர் எல்லாரும் டாக்டர்தான். அப்படிப்பட்ட ஒரே ஒரு குடும்பத்திடம் நான் பட்டதை மட்டும் சொல்கிறேன், மற்றதை நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள்.

எடையில் முதல் மார்க்

செப்டம்பர் எட்டாம் தேதி மத்தியானம் ஒரு நர்சிங் ஹோமிலிருந்து ஆம்புலன்ஸில் ஓர் ஆண் குழந்தை வந்தான். அன்று காலைதான் சிசேரியனில் பிறந்தவன். கன்னம் இரண்டும் உப்பி, தொடையில் மடிப்பு விழுந்து, காலண்டரில் போடுகிற குழந்தை மாதிரி இருந்தான். எடை மூன்றேகால் கிலோ. ஆனால் ஒவ்வொரு மூச்சுக்கும் முனகினான். மூக்குத் துவாரம் விரிந்து விரிந்து மூடியது. விலா எலும்புகளுக்கு நடுவே சதை உள்ளே இழுத்தது. உதடு நீலம் பாரித்திருந்தது. பார்த்தால் பயில்வான், மூச்சுக்கு மட்டும் பிச்சை எடுத்துக்கொண்டிருந்தான். மூக்கில் குழாய் வைத்து, அழுத்தத்தோடு காற்று கொடுக்கிற மிஷினில் போட்டோம்.

வெளியே வந்தேன். முன்வரிசையில் தாத்தா சவரிமுத்து நின்றார், ஹார்பரில் கிரேன் ஓட்டி ரிட்டையர் ஆனவர். பக்கத்தில் அவர் மனைவி பிலோமினா. சற்றுத் தள்ளி குழந்தையின் அப்பா டேனியல், சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் வேலை பார்க்கிறவன். பின்னால், வாழ்த்துச் சொல்லக் கேக் பெட்டியோடு வந்து என்ன சொல்வதென்று தெரியாமல் நிற்கிற கூட்டம். குழந்தையின் அம்மா ஜெனிஃபர் தையல் போட்ட வயிற்றோடு அந்த நர்சிங் ஹோமிலேயே படுத்திருந்தாள். பிள்ளையின் முகத்தைக்கூட அவள் சரியாகப் பார்த்திருக்கவில்லை.

“நுரையீரல் இன்னும் சரியா விரியல. மூச்சு விட ரொம்பக் கஷ்டப்படறான். இப்போதைக்கு எதையும் உறுதியாச் சொல்ல முடியாது” என்றேன். சவரிமுத்து கண்ணாடி வழியாக உள்ளே எட்டிப் பார்த்தார். பக்கத்துப் பெட்டியில் இவனில் பாதிகூட இல்லாத ஒரு பெண் குழந்தை, மூக்கில் மெல்லிய குழாயோடு நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தது. அவர் என் பக்கம் திரும்பினார்.

“அந்த சுண்டக்கா சைஸு பொண்ணே சோக்கா தூங்கிகினு கீது. எங்காளு மூணேகால் கிலோ கீறான், இவனுக்கா மூச்சு வராது? ஒயுங்கா வெயிட்டு போட்டுப் பாத்தியாம்மா நீ?”

இனிப்பில்லாத சர்க்கரை

இவ்வளவு கொழுகொழு குழந்தைக்கு மூச்சுத் திணறல் என்றதும் எங்களுக்கு வருகிற முதல் சந்தேகம் அம்மாவின் சர்க்கரை. கர்ப்ப காலத்தில் அம்மாவுக்குச் சர்க்கரை ஏறினால் அது குழந்தைக்கும் போகும். குழந்தை உடம்பு போடும், ஆனால் நுரையீரல் பழுப்பது தாமதமாகும். மேலே பெயின்ட் அடித்தாயிற்று, உள்ளே வயரிங் முடியவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பிலோமினா அம்மாவிடம் கேட்டேன். முதலில் சர்க்கரையே இல்லை என்றார். இரண்டாவது தடவை கேட்டதும் லேசாக இருந்தது என்றார். டாக்டர் இன்சுலின் எழுதினாரா என்று கேட்டதற்கு, எழுதினார், ஆனால் வயிற்றில் பிள்ளை இருக்கும்போது வயிற்றிலேயே ஊசி குத்தினால் பிள்ளைக்குப் படும் என்று வேண்டாமென்று விட்டோம் என்றார். சாப்பாட்டில் கட்டுப்பாடு இருந்ததா என்றதும் அவருக்குக் கோபமே வந்துவிட்டது. இரண்டு உயிருக்குச் சாப்பிட வேண்டியவளை எப்படிப் பட்டினி போடுவது என்று என்னையே திருப்பிக் கேட்டார். நான் விடவில்லை, இனிப்பு சாப்பிட்டாளா இல்லையா, அதை மட்டும் சொல்லுங்கள் என்றேன்.

“சத்தியமா ஒரு லட்டு கூட தொடல சிஸ்டரு. வாயக் கட்டிகினுதான் இருந்தா. காலைல ஒண்ணு, சாய்ந்தரம் ஒண்ணு, வெறும் ஜூஸுதான் குட்ச்சா.”

ஜன்னல் வழியாக வந்தவன்

எதற்காக சிசேரியன் செய்தார்கள், வலி எடுத்ததா, பனிக்குடம் உடைந்ததா என்று அடுத்து டேனியலைக் கேட்டேன். அவன் செருப்பைப் பார்த்தான். எதுவும் இல்லையாம். செப்டம்பர் எட்டு மாதா பிறந்தநாள். சவரிமுத்து, பேரன் அன்றைக்குத்தான் பிறக்க வேண்டும் என்று ஐந்து மாதமாகவே ஏரியா முழுக்கச் சொல்லிவைத்திருக்கிறார். நானும் மாதா கோயிலுக்குப் போகிறவள்தான். ஆனால் மாதா தன் பிறந்தநாளைக்குப் பரிசாகப் பச்சைப் பிள்ளையை அறுத்து எடுத்துக் காட்டச் சொன்னதாக எந்தப் பூசையிலும் நான் கேட்டதில்லை.

வயிற்றுக்குள் இருக்கும்வரை குழந்தையின் நுரையீரலில் தண்ணீர் இருக்கும். பிரசவ வலி வரும்போதுதான் உடம்பு அந்தத் தண்ணீரை வற்றவைக்க ஆரம்பிக்கும். வலியே இல்லாமல், அதுவும் நாள் முடியாமல் வெளியே எடுத்தால், வாசல் வழியாக வரவேண்டியவனைத் தூங்கும்போது ஜன்னல் வழியாகத் தூக்கியதுபோல ஈர நெஞ்சோடு வந்து முழிப்பான். இதை நான் சொல்லி முடிப்பதற்குள் சவரிமுத்து குறுக்கே வந்தார். பெஞ்சின் அந்தக் கோடியில் பக்கத்துப் பெட்டிப் பெண் குழந்தையின் அப்பா சுரேஷ் உட்கார்ந்திருந்தான். எம்.கே.பி. நகர், ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன். பெண் பிறந்த நேரத்தைக் கையில் பேனாவால் எழுதிவைத்துக்கொண்டு, அது எமகண்டமா என்று பார்ப்பவர்களையெல்லாம் விசாரித்துக்கொண்டிருந்தான். அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டு, சவரிமுத்து என்னிடம் பெருமையாகச் சொன்னார்:

“ஜாதகம், நல்ல நேரம், அந்த பேஜாரெல்லாம் நம்மகிட்ட கெடையாது சிஸ்டரு. மாதா பொறந்தநாளுக்குப் பொறக்கணும், பத்து மணி பூச முடியறதுக்குள்ள பொறக்கணும். அவ்ளோதான்.”

நடக்குதா, முடிஞ்சுதா

எங்கள் குழந்தைகள் டாக்டர் வித்யா அன்று மாலை பையனின் உள்ளங்காலைத் திருப்பிப் பார்த்தார். நாள் முடிந்த குழந்தைக்குக் கால் முழுக்க ரேகை ஓடும். இவனுக்கு முன்பாதியோடு நின்றுவிட்டது. காதை மடக்கிவிட்டுப் பார்த்தார், யோசித்து யோசித்து நிமிர்ந்தது. “இவன் குறைமாசம். முப்பத்தஞ்சு வாரம்கூட முடிஞ்சிருக்காது. யார் கணக்குப் போட்டாங்கன்னு கேட்டுட்டு வாங்க” என்றார்.

கணக்குப் போட்டவர் பிலோமினா. மருமகள் கடைசியாகத் தூரமாகித் தலைக்குக் குளித்த மாதத்தை ஒன்று என்று வைத்து, விரல் மடக்கி எண்ணிக்கொண்டே வந்திருக்கிறார். ஒன்பதாவது விரல் மடங்கியதும் நர்சிங் ஹோமுக்குப் போய் ஒன்பது என்று சொல்லியிருக்கிறார். நம் வீடுகளில் ஒன்பது மாதம் என்றால் எட்டு முடிந்து ஒன்பது தொடங்கியிருக்கிறது என்று அர்த்தம். இங்கிலீஷில் படித்த அந்த டாக்டரின் காதில் அது ஒன்பது மாதமும் நிறைந்துவிட்டதாக விழுந்திருக்கிறது. ஆரம்பத்திலேயே ஒரு ஸ்கேன் எடுத்திருந்தால் குட்டு உடைந்திருக்கும். ஆனால் முதல் மூன்று மாதம் வெளியே சொன்னால் கண் பட்டுவிடும் என்று ஜெனிஃபரை ஆஸ்பத்திரிப் பக்கமே விடவில்லை. பிறகு எடுத்த ஸ்கேனில் சர்க்கரையால் ஊதிய குழந்தையை அளந்து, ஆமாம், நாள் நெருங்கிவிட்டது என்று அந்த மிஷினும் தலையாட்டிவிட்டது. மாமியாரின் விரலும் மிஷினும் ஒரே தப்பைச் சொன்னதால் அது சரியாகிவிட்டது.

உண்மையான வாரம் தெரிந்திருந்தால் காத்திருந்திருப்பார்கள். காத்திருக்க முடியாவிட்டாலும், நுரையீரலைச் சீக்கிரம் பழுக்கவைக்கும் ஊசியைப் பற்றியாவது யோசித்திருப்பார்கள். இதை நான் கொஞ்சம் காரமாகவே சொன்னேன். பிலோமினா அம்மா சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்து நின்றார்.

“ஒம்போதாவது மாசம் நடந்துகினு கீதுன்னுதான் நான் சொன்னேன், முடிஞ்சிச்சுன்னு எங்க சொன்னேன்? நடக்கறதுக்கும் முடியறதுக்கும் வித்தியாசம் தெரியாதவன்லாம் இன்னா டாக்டரு?”

புளியந்தோப்பில் கிடைக்கும் மருந்து

மறுநாள் பையன் களைத்துப்போனான். முனகல் குறைந்தது. வெளியே இருந்தவர்கள் சத்தம் அடங்கிவிட்டது, தேறிவிட்டான் என்று சந்தோஷப்பட்டார்கள். உள்ளே நாங்கள் டாக்டர் வித்யாவைக் கூப்பிட ஓடினோம். முனகுகிற குழந்தை போராடுகிற குழந்தை. முனகலை நிறுத்துகிறவன் கையைத் தூக்கிவிட்டான் என்று அர்த்தம். தொண்டை வழியாகக் குழாய் இறக்கி, மிஷினே மூச்சு விடும்படி செய்தோம்.

நம் நுரையீரலுக்குள் சோப்பு நுரை மாதிரி வழவழப்பான ஒரு திரவம் ஊறுகிறது. மூச்சை விட்டதும் காற்றுப் பைகள் ஒட்டிக்கொள்ளாமல் அதுதான் தாங்குகிறது. நுரையீரல் என்று பெயர் வைத்தவருக்கு இது எப்படித் தெரியும் என்று நான் பலமுறை ஆச்சரியப்பட்டிருக்கிறேன். குறைமாதக் குழந்தையிடம் அந்த நுரை போதாது. ஆகவே மாட்டின் நுரையீரலிலிருந்து எடுத்துச் சுத்தம் செய்த மருந்தைக் குழாய் வழியாக உள்ளே விடுவோம். டாக்டர் வித்யா இதை விளக்கிச் சம்மதம் கேட்டார். டேனியல் போட்ட கையெழுத்து வேறு யாருடையதோ மாதிரி விழுந்தது. சவரிமுத்து முதல் தடவையாகக் குரலைத் தாழ்த்தி, என்னைத் தனியாக ஓரம் கட்டினார். கண் கலங்கியிருந்தது. கிண்டல் செய்யத் தயாராக இருந்த நான் காதைக் கொடுத்தேன்.

“மாட்டு நுரையீரல்தானே சிஸ்டரு? முன்னயே சொல்லக் கூடாதா? புளியந்தோப்பு கசாப்புக் கடைல நம்ம தோஸ்து ஒர்த்தன் கீறான். காலைல போனா ஃப்ரெஷ்ஷா எடுத்தாந்துட்றேன், எத்தினி கிலோ வோணும்?”

ஆம்பளை ரூம்

மருந்து கொடுத்த பிறகும் பையன் மிஷினை விட்டு இறங்கவில்லை. சவரிமுத்துவுக்கு ஒரு நம்பிக்கை மிச்சமிருந்தது. டாக்டர் வித்யா வெளியே வந்தபோது, ஆம்பளைப் பிள்ளை எதையும் தாங்குவான் என்று அவருக்கே தைரியம் சொன்னார். டாக்டர் கெட்டிக்காரி, ஆனால் எதை எங்கே சொல்வது என்று தெரியாதவர். ஒரே வாரத்தில் பிறந்த ஆணையும் பெண்ணையும் எடுத்துக்கொண்டால், நுரையீரல் விஷயத்தில் ஆண்தான் பின்தங்கியிருக்கும், ஆணாகப் பிறந்ததே இவனுக்கு ஒரு பாதகம் என்று பாடம் நடத்திவிட்டுப் போய்விட்டார். எங்கள் பேட்டையில் ஓர் ஆம்பளையைப் பார்த்து ஆம்பளையாக இருப்பது பாதகம் என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. சவரிமுத்து பெஞ்சில் உட்கார்ந்து மீசையைத் தடவிக்கொண்டே இருந்தார்.

அன்று மத்தியானமே பக்கத்துப் பெட்டிப் பெண்ணுக்கு மூக்குக் குழாயை எடுத்தோம். அந்த ரூமில் மற்ற பெட்டிகளில் எல்லாம் ஆண் குழந்தைகள், இவள் ஒருத்திதான் பெண். எங்கள் பையனைவிடச் சிறியவள், அவனைவிடக் குறைந்த வாரத்திலேயே வந்துவிட்டவள். ஆனால் அவள் அம்மாவுக்குப் பிரஷர் ஏறியதால் எடுத்த பிரசவம் அது. முன்கூட்டியே ஊசி போட்டு, காரணத்தோடு எடுத்தது. சுரேஷிடம் போய்ச் சொன்னேன். கையில் எழுதியிருந்த எமகண்டத்தைச் சட்டையில் தேய்த்து அழித்துவிட்டு எழுந்தான்.

“பொண்ணு பொறந்திச்சேன்னு எங்காளுங்கல்லாம் மூஞ்சத் தூக்கி வெச்சிகினு பூட்டாங்க சிஸ்டரு. இப்ப போன் போட்டு சொல்றேன் பாரு, அந்த ஆம்பள ரூம்லயே மொதல்ல மிஷினக் கய்ட்டிப் போட்டவ எம் பொண்ணுதான்னு.”

காற்று வாங்கும் வழி

பெஞ்சில் இருந்தவர்களுக்குப் பொறுமை போய்விட்டது. ஆளுக்கொரு வைத்தியம் வந்தது. நெஞ்சில் தைலம் தேய்க்கலாமா என்றார் ஒருவர். சாம்பிராணிப் புகை காட்டினால் சளி இளகும் என்றார் இன்னொருவர். ஏசிக் காற்றுதான் எல்லாவற்றுக்கும் காரணம், வீட்டுக்குக் கொண்டுபோய்க் கடற்காற்றில் போட்டால் பிள்ளை தானாக மூச்சு விட்டுவிடும் என்று பிலோமினா அம்மா தீர்ப்பே சொல்லிவிட்டார். அவர்கள் வீடு எண்ணூர் போகிற ரோட்டில், கன்டெய்னர் லாரி வரிசை கட்டி நிற்கிற இடத்தில். காலையில் ஜன்னல் கம்பியைத் துடைத்தால் துணி கறுப்பாகும். சில நாள் மூக்கைப் பிடித்துக்கொண்டு சோறு தின்கிற ஏரியா. என் வீடும் அங்கிருந்து ரொம்ப தூரமில்லை, அதனால் தைரியமாகச் சொல்கிறேன்: அந்தக் காற்றைச் சுவாசித்துப் பிழைக்க நல்ல நுரையீரல் வேண்டும். அது இல்லாதவனுக்கு அதையே மருந்தாகக் கொடுக்கச் சொன்னார் அந்த அம்மா.

டேனியலைத் தனியாக அழைத்து, சிகரெட் உண்டா என்று கேட்டேன். வயிற்றுப் பிள்ளைக்காரி பக்கத்தில் புகை விட்டால் பிள்ளை சீக்கிரம் பிறக்கவும் வழியுண்டு, பிறந்த பிறகு நெஞ்சுக்கும் கெடுதல், இனி வீட்டில் புகையே கூடாது என்றேன். நல்ல பையன். மறைக்கவில்லை.

“வூட்டுக்குள்ள ஒரு நாள் கூட புட்ச்சதில்ல சிஸ்டர், அம்மா மேல சத்தியமா. வாசப்படில ஒக்காந்துதான் புடிப்பேன். ஜெனி பக்கத்துல ஒக்காந்து காத்து வாங்கிகினு இருப்பா.”

அம்மா வந்தாள்

பச்சை உடம்புக்காரி வெளியே வரக்கூடாது என்று சொல்லிச் சொல்லியே ஜெனிஃபரை நிறுத்திவைத்திருந்தார்கள். ஒரு நாள் காலை யாரிடமும் சொல்லாமல் தன் தங்கையைக் கூட்டிக்கொண்டு ஆட்டோவில் வந்து இறங்கிவிட்டாள். வயிற்றைக் கையால் தாங்கிக்கொண்டு, சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்தாள். கை கழுவுகிற இடத்தில் நிறுத்தி, நன்றாகக் கழுவு என்றேன். முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுத் தேய்த்தாள், தேய்த்துக்கொண்டே இருந்தாள். போதும் என்று நான்தான் குழாயை மூடினேன்.

உள்ளே அவன் தொண்டையில் குழாய், தொப்புளில் குழாய், நெஞ்சில் வயர் என்று கிடந்தான். மிஷின் தள்ளத் தள்ள நெஞ்சு ஏறி இறங்கியது. பெட்டியின் ஓட்டை வழியாக விரலை நீட்டச் சொன்னேன். அவன் அதைப் பிடித்துக்கொண்டான். பிறந்த குழந்தை எதைக் கொடுத்தாலும் பிடிக்கும், அது உடம்பின் பழக்கம், பாசமில்லை என்று எங்களுக்குப் பாடத்தில் உண்டு. அன்றைக்கு அந்தப் பாடத்தை எழுதினவர் மீது எனக்குக் கோபம் வந்தது.

அவள் சர்க்கரைதான் காரணம் என்று மாமியார் சொல்லிவிட்டார். தேதிதான் காரணம் என்று அவள் வீட்டார் சொல்லிவிட்டார்கள். கணக்குத் தப்பு என்று நாங்கள், ஏசி என்று பெஞ்சு. எல்லாவற்றையும் படுத்த இடத்தில் போனிலேயே கேட்டுவிட்டாள். நானும் என் பங்குக்கு ஏதோ ஆரம்பித்தேன். அவள் அவன் விரலிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டாள்:

“காரணம் எல்லாரும் சொல்லிட்டாங்க சிஸ்டர். பொழைப்பானா மாட்டானான்னு மட்டும் ஒருத்தரும் சொல்ல மாட்டேங்கறீங்களே, ஏன்?”

லோடு இறங்கியது

  அதன் பிறகு ஜெனிஃபர் தினமும் வந்தாள். பால் பீய்ச்சிக் கொடுத்துவிட்டு, விரலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். மிஷினின் அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தோம். குறைத்தால் சில சமயம் தாங்குவான், சில சமயம் நீலம் பாரிப்பான், மறுபடி ஏற்றுவோம். இந்த ஏற்ற இறக்கத்தை வெளியே சொல்லச் சொல்ல சவரிமுத்து வாயைத் திறப்பதே குறைந்துவிட்டது. அவர் கத்தாததால் எனக்கு வேலை ஓடவில்லை. மனிதர் பேசாமல் இருந்தால் இவ்வளவு பயமாக இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

ஒரு நாள் காலை டாக்டர் வித்யா தொண்டைக் குழாயை எடுத்தார். ஒரு கணம் ஒன்றும் நடக்கவில்லை. முதுகைத் தடவினேன். முகம் சுருங்கியது, வாய் கோணியது, அப்புறம் கத்தினான் பாருங்கள், ராயபுரத்துக் கத்தல். குழாய் உரசிய தொண்டை என்பதால் கரகரவென்று வந்தது. நான் சர்டிபிகேட் கொடுத்துவிட்டேன், எங்கள் ஊர்க்காரன்தான். கதவைத் திறந்து எதுவும் சொல்லாமல் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றேன், சத்தம் தானாக வெளியே போகட்டும் என்று. பிலோமினா அம்மா தரையில் உட்கார்ந்து அழுதார். சவரிமுத்து செல்போனை எடுத்து, கூட வேலை பார்த்த யாரையோ கூப்பிட்டார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியாத குரல்.

“லோடு எறங்கிட்ச்சு மாமு. டேமேஜ் இல்ல.”

லிஃப்டில்

வீட்டுக்கு அனுப்புகிற நாளில் பழைய சவரிமுத்து திரும்பிவிட்டார். வெள்ளைச் சட்டை, சென்ட், கூடவே பாதி தெரு. மாதா பிறந்தநாளில் பிறந்ததால்தான் பிழைத்தான் என்று வார்டு ஆயாவிடம் விளக்கிக்கொண்டிருந்தார். அன்று பிறக்காமல் இருந்திருந்தால் இங்கே வந்திருக்கவே மாட்டான் என்று சொல்ல என் நாக்கு துடித்தது. பிள்ளையைத் துணியில் சுற்றி ஜெனிஃபர் கையில் கொடுத்து, லிஃப்ட் வரைக்கும் நானே கூடப் போனேன். உள்ளே சவரிமுத்து, பிலோமினா, டேனியல், ஜெனிஃபர், நான்.

கதவு மூடியதும் சவரிமுத்து பேரனின் கன்னத்தைக் கிள்ளிவிட்டு, அடுத்த பேரனுக்குக் கிறிஸ்துமஸ்தான், இப்போதே சொல்லிவிட்டேன் என்றார். வேடிக்கையாகத்தான் சொன்னார், ஆனால் செப்டம்பர் எட்டையும் அவர் அப்படித்தான் ஆரம்பித்திருப்பார். டேனியல் மறுபடி செருப்பைப் பார்த்தான். பிலோமினா அம்மா மருமகள் தலையை வருடி, அவளுக்கென்ன, பத்து மாசம் சுமந்து பெத்தவள், அடுத்ததையும் ராணி மாதிரி பெத்துக்கொடுப்பாள் என்றார். இத்தனை நாளில் ஜெனிஃபர் மாமியார் மாமனார் முன்னால் குரலை உயர்த்தி நான் பார்த்ததில்லை. அன்றும் உயர்த்தவில்லை. பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தான்.

“பத்து மாசம் எங்க அத்தை சுமந்தேன்? அதுக்குள்ள நீங்கதான் எறக்கிட்டீங்களே. மிச்சத்த சுமந்தது இந்த சிஸ்டரும் அந்தக் கண்ணாடிப் பெட்டியும். அடுத்த புள்ள பொறக்கற அன்னிக்குப் பொறக்கும் மாமா, நீங்க கேக்கு வெட்டிகினு வீட்லயே இருங்க.”

குழந்தைகளுக்கு வருகிற மூச்சுத் திணறலுக்கு எங்களிடம் மிஷின் இருக்கிறது, மருந்து இருக்கிறது. மருமகள் வாயைத் திறந்ததும் மாமியாருக்கும் மாமனாருக்கும் சேர்ந்து வருகிற மூச்சுத் திணறலுக்கு மட்டும், தரைத்தளம் வரும்வரை சிரிப்பை அடக்கிக்கொண்டு நிற்பதைத் தவிர வேறு சிகிச்சை எதுவும் எனக்குச் சொல்லித் தரப்படவில்லை.